வெளிப்பக்கத்து மண்

— எத்தினை பேர் எண்டு ஊரில இருக்கிற சோலையப்பனுக்குச் சொன்னனீங்கள்?

— நாலாயிரம்.

— நாலாயிரமோ! அண்ணை, போன வெள்ளி நான் கேலரியில ஒவ்வொரு தலையா எண்ணினனான். முப்பத்தேழு. அதிலயும் ரெண்டு பேர் ஜெபல் அலிக்கு எந்தப் பக்கத்தால போறது எண்டு கேக்க வந்தவை.

— வழி கேட்டுட்டு உக்காந்து பார்த்தாய்ங்களா இல்லையா?

— ஏசி இருக்கோ எண்டு கேட்டவை. இல்லை எண்டதும் போயிட்டினம்.

— அப்ப முப்பத்தஞ்சுன்னு எழுதுங்க தாயி. பொய் சொல்லக்கூடாது பாருங்க.

— அம்மையப்பன் அண்ணை, இந்த ட்ராக்குக்கு டேங்கரில தண்ணி அடிக்கிறதும், பிக்கப்பில பிளேட்டைக் கட்டி இழுத்து மண்ணைச் சமப்படுத்திறதும்தான் உங்கட வேலை. பொய் சொல்லுறது உங்கட வேலையில்லை.

— அது ஓவர்டைம்.

— பகிடி விடாதையுங்கோ. சோலையப்பன் எப்ப வந்து இறங்கிறார்?

— வெள்ளிக்கிழமை விடியக்காலை. மதுரை ஃப்ளைட்டு, விசிட் விசா. ஞாயித்துக்கிழமை ரேஸுக்கு இங்க இருக்கணுமாம். ஆறு வருஷமா வாரா வாரம் போன்ல உங்க வாயால ரேஸைக் கேட்டது போதும்ணே, நேர்ல வாறேங்கிறான். நான் வேணாம்டான்னு சொன்னேன். இங்க எந்த ஹோட்டல்லயும் ரூம் கிடைக்கலை, ரேஸுக்கு அம்புட்டுக் கூட்டம்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் தாயி அவன் டிக்கெட்டே போட்டான்.

— நல்லா மறிச்சியள் போங்கோ. அதுக்குத்தான் செவ்வாய்க்கிழமை வேலையை விட்டுட்டு என்ர கேபினுக்குள்ள வந்து குந்தியிருக்கிறியளோ?

— நீங்கதான ரிப்போர்ட்டு எழுதுறீக? இந்த ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் ரேஸைப் பார்க்க ஏன் ஆள் வரலை, வர வைக்க என்ன பண்ணணும்னு முதலாளி கேட்டிருக்காருல்ல. அதைச் சட்டுனு முடிச்சுக் குடுத்தீகன்னா, அதுல உள்ளபடி பண்ணி, ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு நாலாயிரம் பேரை உக்கார வச்சிரலாம்னு பார்க்கிறேன்.

— அஞ்சு நாளிலயோ?

— மூவாயிரத்தி எண்ணூறு இருந்தாலும் போதும். மிச்சம் இருநூறு பேரு டீ குடிக்கப் போயிருக்காய்ங்கன்னு சொல்லிக்கிறேன்.

— அந்த ரிப்போர்ட் என்னத்துக்கு எண்டு உங்களுக்குத் தெரியுமோ? ஞாயிறு ரேஸுக்கு முதலாளியாக்கள் வருகினம். பாத்துப்போட்டு, தொடர்ந்து நடத்துறதோ, இல்லாட்டி இந்த இடத்தைக் கண்டெய்னர் அடுக்கக் குடுக்கிறதோ எண்டு அண்டைக்கே முடிவெடுக்கப் போயினம். நான் இந்த நாட்டுக்கு வந்து பதினொரு வருஷம், இந்த ட்ராக்குக்கு வந்து ரெண்டு வருஷம். எனக்கும் இது விளையாட்டில்லை.

— பார்த்தீகளா, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே கூட்டம்தான் வேணும்.

— எனக்குக் கூட்டம் வேணும். உங்களுக்கு ஆறு வருஷப் பொய் உண்மையாக வேணும். ரெண்டும் ஒண்டில்லை அண்ணை.

— ஒரே பஸ்ஸுல கூட்டியாந்துரலாம்ல. சரி, இதுவரைக்கும் என்ன எழுதியிருக்கீக?

— முதலாவது லீவு நாள். லேபர் கேம்ப்பில இருக்கிற ஆக்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு போய் ஞாயிறு ஆகி எத்தினை வருஷம்? நாங்கள் இன்னும் வெள்ளி பின்னேரம்தான் ரேஸ் வச்சுக்கொண்டு இருந்தம். சனம் டியூட்டியில நிக்கேக்க நாங்கள் மைக்கில வாங்கோ வாங்கோ எண்டு கூப்பிடுறம். அதுதான் இந்தக் கிழமை ஞாயிறுக்கு மாத்தினனான்.

— அதை நானும் கவனிச்சேன் தாயி. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வரிசையா கம்பெனி பஸ்ஸா போகும். ரேஸுக்குத்தான் வாறாய்ங்கன்னு டேங்கர் மேல நின்னு கையைக் காட்டுவேன். அவய்ங்களும் காட்டுவாய்ங்க. அப்படியே சைட்டுக்குப் போயிருவாய்ங்க.

— அதை வந்து ஆரிட்டையாவது சொல்லியிருக்கலாமே!

— யாரும் கேக்கலையே. ரெண்டாவது?

— தூசி. காத்துக் கிளம்பினால் கேலரியில இருந்து ஒண்டும் தெரியிறேல்லை.

— இதெல்லாம் ஒரு தூசியா? ரெண்டாயிரத்திப் பன்னெண்டுல கிளம்புச்சு பாருங்க ஒரு தூசி. ரெண்டாம் வளைவுக்குள்ள நாலு வண்டி போச்சு. அஞ்சு வண்டி வெளிய வந்துச்சு.

— அஞ்சாவது ஆர்?

— யாருக்குத் தெரியும். இன்னமும் மெஸ்ல வந்து சாப்பிட்டுட்டுத்தான் போறான்.

— உங்களோட இருந்தால் நான் ரிப்போர்ட் எழுதி முடிக்கேலாது.

— நான் வாயைத் திறக்கலை. மூணாவது?

— மூண்டாவதை எப்பிடி எழுதிறதெண்டே எனக்குத் தெரியேல்லை. முதலாளியின்ர மகன் கேக்கிறார், ப்ரேக் இல்லாத மோட்டார் சைக்கிளோ எண்டு. ஓம் எண்டன். கியர்? ஒண்டுதான். எத்தினை பேர் ஓடுறது? ஒரு ஹீட்டுக்கு நாலு பேர், நாலு சுத்து, எல்லாம் இடப்பக்கம் திரும்பிறதுதான், ஒரு நிமிசத்தில முடிஞ்சிடும் எண்டன். அப்ப இதுக்காக ஆக்கள் ஏன் இவ்வளவு தூரம் வரவேணும் எண்டு கேட்டார்.

— வளைவைப் பத்திச் சொல்ல வேண்டியதுதான? பின் சக்கரம் வெளிய ஓடும், முன் சக்கரம் எதுத்த பக்கம் பார்க்கும், ஆளு நடுவுல, இடது கால்ல மாட்டின இரும்புச் செருப்பை மண்ணுல தேச்சுக்கிட்டே போவான். வண்டி பார்க்கிறது ஒரு பக்கம், போறது ஒரு பக்கம். கல்யாணம் ஆனவனுக்கு ஒரு நிமிஷத்துல புரிஞ்சுரும்.

— அவருக்கு இன்னும் கலியாணம் ஆகேல்லை.

— அதான் தரையை வாடகைக்கு விடுங்கிறாரு. அந்தக் காலத்துல ஒரு ஒட்டகமே வரும் தாயி. பொய் சொல்லக்கூடாது பாருங்க. வெள்ளி தவறாம மூணாம் வளைவு வேலிக்கிட்ட வந்து நிக்கும். நாலு சுத்துக்கும் நாலு தடவை இடப்பக்கமா கழுத்தைத் திருப்பும். கடைசி ஹீட்டு முடிஞ்சதும் கிளம்பிரும். கழுத்து அந்தப் பக்கமே நின்னு போச்சுன்னு அதோட சொந்தக்காரரு ஆபீஸுல வந்து சண்டை போட்டாரு.

— இப்ப ஏன் அது வாறேல்லை?

— அதுக்கும் அலுத்துப் போச்சு.

— இஞ்ச பாருங்கோ, அந்த ஒட்டகம் சொன்னதுதான் என்ர மூண்டாவது. அலுப்பு. நான் நேற்று இந்த சீசன் ஹீட் கார்டுகளை எல்லாம் எடுத்து வச்சுப் பாத்தனான். எழுவத்தெட்டு ஹீட். முதல் வளைவில ஆர் முன்னுக்கு வந்தவன், கடைசியில ஆர் வெண்டவன் எண்டு பக்கத்தில பக்கத்தில எழுதினன். எழுவத்தேழிலயும் ஒரே ஆள்.

— மிச்சம் ஒண்ணு?

— அதில முன்னுக்குப் போனவற்ற செயின் அறுந்தது.

— அப்ப இருந்துச்சுல்ல ஒண்ணாச்சும்.

— அண்ணை, மூண்டு செக்கன்ட்டில ரேஸ் முடிஞ்சிடுது. மிச்ச அம்பத்தேழு செக்கன்ட்டும் நாலு பேர் ஊர்வலம் போயினம். ஒருத்தரை ஒருத்தர் முந்திறதே இல்லை. போன சீசனையும் எடுத்தன். அதுக்கு முதல் சீசனையும் எடுத்தன். அப்பிடியே பின்னுக்குப் போய்ப் போய், ஆறு வருஷத்துக்கு முந்தின கார்டுகளை எடுத்துப் பாத்தால், ஒரு பின்னேரத்தில ஒன்பது தரம் முந்தியிருக்கினம். பத்துத் தரம் முந்தியிருக்கினம். அந்த வருஷம் பெப்ரவரிக்குப் பிறகு ஒண்டும் இல்லை. பைப்பைப் பூட்டினமாதிரி.

— அப்ப ஓட்டுனவய்ங்க வேற ஆளுக தாயி.

— ஆக்கள் மாறினவைதான். வண்டி அதே வண்டி. வேலி அதே வேலி. ட்ராக் மண்ணில கை வைக்கிறவையில மாறாத ஆள் ஒருத்தர்தான் இருக்கிறார். டேங்கர் ஓட்டுறவர். ஏன் என்ர முகத்தைப் பாக்கிறியளில்லை?

— இந்த ஏசி ரொம்ப சத்தம் போடுது. சர்வீஸ் பண்ணச் சொல்லணும்.

— அம்மையப்பன் அண்ணை.

— ம்.

— ரெஃபரி ட்ராக்கைச் சோதிச்சு ஓகே சொன்ன பிறகு, அவர் டீ குடிக்கப் போகேக்க, நீங்கள் தனியா ஒரு சுத்து பிளேடு இழுக்கிறியள். மண் கிளறுது, கடைசியா ஒருக்காத் தடவி விடுறன் எண்டு சொல்லுவியள். அந்தச் சுத்தில என்ன செய்யிறனீங்கள்?

— தடவி விடுறதுதான்.

— எந்தப் பக்கம்?

— வெளிப்பக்கம்.

— தடவிப் போட்டு?

— வழிச்சு எடுத்துருவேன்.

— எதை?

— மண்ணைத்தான். வேலியோரமா ரெண்டு ஆள் அகலத்துக்கு இருக்கிற தளர்ந்த மண்ணை அம்புட்டையும் வழிச்சு உள்பக்கம் கொண்டாந்து போட்டுருவேன். வழிச்ச தரை மேல தண்ணியை ஊத்தி டேங்கரை ஏத்தி இறுக்கிட்டா, வெளிப்பக்கம் தார் ரோடு மாதிரி ஆயிரும். சக்கரத்துக்குப் பிடி கிடைக்காது. ஒரு தடவை ஏறிப் பார்ப்பான், வழுக்கும், வேகம் செத்துரும், பேசாம உள்ள வந்து வரிசையில நின்னுக்கிருவான்.

— ஒவ்வொரு ரேஸுக்குமோ?

— ஒண்ணு விடலை தாயி. பொய் சொல்லக்கூடாது பாருங்க.

— இதைத்தான் நான் ரெண்டு கிழமையாத் தேடிக்கொண்டு இருக்கிறன். லைட் போடுவமோ, பாட்டுப் போடுவமோ, பிரியாணி குடுப்பமோ எண்டு பத்துப் பக்கம் எழுதி வச்சிருக்கிறன். கடைசியில பாத்தால் இந்த விளையாட்டைக் கொண்டது நீங்கள்.

— நான்தான். ஆனா ஆறு வருஷத்துல ஒருத்தன் விழுந்தான்னு சொல்லுங்க பார்ப்போம். அந்தக் கார்டையும் எடுத்துப் பார்த்தீகளா? ஒரு சிராய்ப்பு உண்டா? அங்கிட்டு ஆம்புலன்ஸ் டிரைவர் கூட வண்டிக்குள்ள படுத்துத் தூங்குறான்.

— சோலையப்பன் முந்தி இஞ்ச ரேஸ் ஓடேக்க விழுந்ததாலயோ?

— அவன் எங்க விழுந்தான். நான்தான் தள்ளி விட்டேன்.

— விளங்கச் சொல்லுங்கோ.

— அவன் வேலை என்னன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல. ஏசி டக்ட் மாட்டுற ஃபிட்டர். நம்ம சிவகங்கைப் பக்கம்தான். கேம்ப்ல இருந்து லீவு நாள்ல வந்து, மெக்கானிக் ஜெயமணிக்குக் கையாளா நின்னு, ஒரு நாள் ஒரு வண்டியைக் கேட்டு வாங்கி ஓட்டினான். ஸ்டார்ட்டிங் கேட்டுல எப்பவும் மெதுவாத்தான் கிளம்புவான். நாலாவதாத்தான் வளைவுக்கு வருவான். அப்புறம் வேலியோரமா ஏறுவான் பாருங்க, வலது தோளை ஒரு தூக்குத் தூக்கி, வெளிப்பக்கத்து மண்ணை வாரி இறைச்சுக்கிட்டு, ஒருத்தனை, ரெண்டு பேரை, மூணு பேரை... கேலரியில இருக்கிறவன் வாயெல்லாம் மண்ணு. துப்பிக்கிட்டே கத்துவாய்ங்க. பஸ்ஸு பஸ்ஸா வந்தாய்ங்க அவனைப் பார்க்க. நாலாயிரம் இல்லை.

— எத்தினை?

— ரெண்டாயிரம் இருக்கும். இது நிசம்.

— ஏன் அவ்வளவு சனம்?

— கடைசியா நிக்கிறவன் முன்னுக்குப் போறதை அவய்ங்க வேற எங்க தாயி பார்த்தாய்ங்க? வந்த நாள்ல இருந்து ஹெல்பரா நிக்கிறவன் ஹெல்பராவே ஊருக்குப் போறான். இங்க ஒரு நிமிஷத்துல ஒருத்தன், அவங்க கேம்ப்புக்காரன், சுத்திப் போயி முந்துறான். அதுக்குத்தான் கத்தினாய்ங்க.

— இதை நான் ரிப்போர்ட்டில எழுதவேணும். பிறகு?

— அந்தப் பெப்ரவரியில மேனேஜரா இருந்தவரு என்னையக் கூப்பிட்டு, இன்னைக்கு டிவிக்காரங்க வர்றாங்க, வெளிப்பக்கம் இன்னும் கொஞ்சம் மண்ணு போடு, இன்னும் நல்லா முந்தட்டும்னாரு. நானும் போட்டேன். நாலு விரக்கடை உயரத்துக்கு. ஆனா அன்னைக்குக் காத்து அடிச்சுது, தண்ணி போட்டது பத்து நிமிஷத்துல காஞ்சு போச்சு. இன்னொரு டேங்கர் அடிச்சிருக்கணும். மணி ஆச்சுன்னு விட்டுட்டேன். நாலாம் வளைவுல அந்த மண்ணு வண்டியைப் பிடிச்சு நிமித்தி விட்ருச்சு. நேரா வேலிக்குப் போச்சு. நான் டேங்கர் மேல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. இடது காலு.

— ...கடவுளே.

— ஊருக்குப் போனதுக்கப்புறம் முதல் வெள்ளிக்கிழமை போன் பண்ணினான். வலி கிலின்னு ஒண்ணும் பேசலை. அண்ணே, இன்னைக்கு யாராச்சும் வெளிப்பக்கமா ஏறினாய்ங்களான்னு கேட்டான். நான் அப்பத்தான் மண்ணை வழிச்சுட்டு வந்து நிக்கிறேன். ஒருத்தனும் ஏறலைடா, உன்னோட முடிஞ்சு போச்சுன்னு படுக்கையில கிடக்கிறவன்கிட்ட எப்படிச் சொல்றது? ஏறினான்டான்னேன். யாருண்ணேன்னான். பக்கத்துல செக்யூரிட்டி நேபாளி நின்னுக்கிட்டு இருந்தான். ஒரு நேபாளிப் பயடான்னேன்.

— அந்த பகதூரோ? அவருக்குச் சைக்கிளே ஓடத் தெரியாதே!

— போன்ல தெரியும். அன்னைக்கு மூணு பேரை முந்தினான். அடுத்த வாரம் ஒரு பெங்காலி. அதுக்கடுத்த வாரம் எகிப்துக்காரன் ஒருத்தன், முழங்கையால வேலியைத் தேச்சுக்கிட்டே போயி பெயின்ட்டை உரிச்சுட்டான். இங்க ஆளு குறையக் குறைய அங்க கூட்டிக்கிட்டே வந்தேன். ரெண்டாயிரம், ரெண்டாயிரத்தி ஐநூறு... நாலாயிரத்துல நிறுத்தி வச்சிருக்கேன். அதுக்கு மேல கேலரி தாங்காது.

— அவர் வந்து பாக்கப் போறது முப்பத்தேழு பேரை. ஊர்வலம் போற நாலு வண்டியை.

— அதான் தாயி உங்ககிட்ட வந்தேன்.

— அப்ப ஒரு வழிதான் இருக்கு. ஞாயிறு அந்தக் கடைசிச் சுத்து இழுக்காதையுங்கோ. மண்ணை இருந்தபடி விடுங்கோ. முந்தட்டும். கேம்ப்புகளுக்கு நான் பஸ் விடுறன். வந்த சனம் நல்ல ரேஸ் பாக்கட்டும். பாத்தால் திரும்பி வருங்கள்.

— எவனாச்சும் விழுந்தா?

— ஒழுங்காத் தண்ணி அடிச்சால் ஏன் விழுறான்? வேலிக்குக் காத்து மெத்தை கட்டச் சொல்லி அதுவும் எழுதியிருக்கிறன். மற்ற நாடுகளில எல்லா இடமும் கட்டியிருக்கினம்.

— மெத்தை ஞாயித்துக்கிழமைக்குள்ள வருமா?

— வராது.

— அவன் ஒத்தைக் காலோட முன் வரிசையில உக்காந்திருப்பான். அவன் கண்ணு முன்னாடி, நான் போட்ட மண்ணுல, இன்னொருத்தன் வேலிக்குப் போனான்னா? என்னால முடியாது தாயி. கண்டெய்னரே அடுக்கிக்கிரட்டும். கண்டெய்னர் விழுந்தா கிரேன்காரன் பாடு.

— அப்ப அவருக்கு உண்மையைச் சொல்லுங்கோ.

— எதை?

— எல்லாத்தையும். முப்பத்தேழு பேர். நேபாளி சைக்கிள் ஓடமாட்டான். மண்ணை வழிச்சது நான் எண்டு. அவர் விமானம் ஏற முதல் சொல்லுங்கோ. கதிரையில வந்து இருந்து தானாக் கண்டுபிடிக்க விடாதையுங்கோ. அது பாவம்.

— வெள்ளிக்கிழமை ஏர்போர்ட்ல வச்சு...

— இப்ப. ஃபோனைத் தாங்கோ. இந்த நம்பர்தானே? நான் ஸ்பீக்கரில போடுறன்.

— தாயி, அவன் சாப்பிடுற நேரம்...

— அடிக்குது.

— அண்ணே! என்னண்ணே செவ்வாய்க்கிழமையில? ரேஸ் இல்லாத அன்னைக்குக் கூப்பிட மாட்டீகளே. உடம்பு கிடம்பு சரியில்லையா?

— நல்லா இருக்கேன் சோலை. இங்க பக்கத்துல ஆபீஸ்ல தர்மிகா மேடம் இருக்காக. யாழ்ப்பாணத்துக்காரவுக.

— வணக்கம் தங்கச்சி.

— வணக்கம். அண்ணை உங்களுக்கு ஒண்டு சொல்லவேணுமாம்.

— சொல்லுங்கண்ணே.

— சோலை, இப்ப என்னன்னா, ஞாயித்துக்கிழமை கூட்டம் கொஞ்சம் கம்மியா இருக்கும்போல. இந்தக் குளிரு...

— அண்ணை!

— சரி தாயி, சரி. டேய் சோலை. போன வாரம் வந்தது முப்பத்தஞ்சு பேரு. அதுக்கு முந்தின வாரமும் அம்புட்டுத்தான். நாலாயிரம்னு சொன்னது எல்லாம் நானா சொன்னது. எவனும் வெளிப்பக்கமா ஏறலை. நேபாளி இல்லை, பெங்காலி இல்லை, எகிப்துக்காரன் இல்லை. உனக்கப்புறம் ஒருத்தனும் ஏறலை.

— தெரியும்ணே.

— என்னது தெரியும்?

— எல்லாம் தெரியும். முதல் வருஷமே ஜெயமணி லீவுல வந்து சொல்லிட்டான். அவன் சொல்லலைன்னாலும் எனக்குத் தெரியாதா? ஜூலை மாசத்துல ரேஸுன்னீக. அந்த வெயில்ல எவண்ணே ரேஸ் வைப்பான்? கொரோனால ஊரே மூடிக் கிடந்தப்ப மூவாயிரம் பேருன்னீக. மாஸ்க்குக்குள்ளயே கத்தினாய்ங்கன்னு வேற சொன்னீக.

— ஒரு வாரம் ரேஸ் இல்லைன்னா நீ பேசாமப் போனை வச்சிருவியேடா.

— தெரிஞ்சுமா அஞ்சு வருஷமாக் கேட்டனீங்கள்?

— கேட்டேன் தங்கச்சி. அவரு சொல்ற ரேஸுல எந்த ஊருக்காரன் ஓட்டினாலும் வலது தோளைத் தூக்கிக்கிட்டேதான் ஓட்டுவான். கேட்டுல மெதுவாத்தான் கிளம்புவான். நாலாவதா இருந்துதான் ஏறுவான். பேரை மட்டும் மாத்திப் போடுவாரு. எனக்குத் தெரியாதா அது யாருன்னு?

— சோலை, இன்னும் ஒண்ணு இருக்குடா. இது ஜெயமணிக்கும் தெரியாது. யாரும் ஏறாததுக்குக் காரணம் நான்தான். ஒவ்வொரு ரேஸுக்கும் வெளிப்பக்கத்து மண்ணை வழிச்சு எடுத்துட்டேன். நீ விழுந்ததுல இருந்து. அன்னைக்கு நாலு விரக்கடை மண்ணைப் போட்டுட்டு, தண்ணி பத்தலைன்னு தெரிஞ்சும், மணி ஆச்சுன்னு விட்டுட்டேன். உன் காலு போனது என்னால.

— அந்த மண்ணுல அதுக்கு முன்னாடி எத்தனை ஹீட்டு ஜெயிச்சேண்ணே நான்?

— பதினாலு.

— பதினாலு தடவை ஜெயிச்சேன். அண்ணே, உங்க மண்ணாலதான் ஜெயிச்சேன்னு ஒரு தடவையாச்சும் உங்களுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்திருக்கேனா? என் கையி, என் வண்டின்னுதான திரிஞ்சேன். ஜெயிச்சதுக்கு நான், விழுந்ததுக்கு மட்டும் நீங்களா? இது எந்த ஊரு நியாயம்?

— அப்படிச் சொல்லாதடா.

— அன்னைக்கு மண்ணு காஞ்சிருக்குன்னு மூணாம் வளைவுலயே எனக்குத் தெரிஞ்சுது. புழுதி வேற நிறத்துல கிளம்புச்சு. தெரிஞ்சுதான் முறுக்கினேன். அதை விடுங்கண்ணே. ஆறு வருஷமா மண்ணை வழிச்சீகளா? அதான் ஒருத்தனும் வர மாட்டேங்கிறானா?

— ஓம், அதைத்தான் நான் இவருக்குச் சொல்லிக்கொண்டு இருக்கிறன். ஆனால் உங்களுக்கு எல்லாம் தெரியுமெண்டால், இவ்வளவு தூரம் வந்து எதைப் பாக்கப் போறியள்? சரி, வாறதெண்டு முடிவெடுத்திட்டியள். உங்களுக்கு முன் வரிசையில நல்ல கதிரையாப் பாத்துப் போட்டு வைக்கிறன்.

— கதிரை வேணாம் தங்கச்சி, ஞாயித்துக்கிழமைக்கு என் பேரை எழுதிக்கங்க: நாலாவது கேட்டு, வேலியோரம். ஜெயமணி வண்டி தர்றேன்னுட்டான், இரும்புச் செருப்பை செயற்கைக் காலுல மாட்டி ரெண்டு வருஷமாக் காஞ்ச கண்மாய்க்குள்ள ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கேன், கேம்ப்புல அத்தனை பேருக்கும் சொல்லியாச்சு. அந்த மனுசன்கிட்ட மட்டும் நீங்க சொல்லுங்க, மண்ணை வழிக்க வேணாம்னு.